மஞ்சள் கோட்டருகே மாதா

நாவுல,
2024 ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஜூலியட்டும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர்ந்த தரையில் மணிக்கணக்காக முழந்தாளிடுகிறவருக்கு என்ன தைலம் அனுப்பினாலும் பிரயோசனம் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு போத்தல் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் வாசிக்கப்போகும் மடத்து மதர் அவர்களுக்கும் வணக்கம். மதர், தைலம் அக்காவுக்குத்தான். நீங்களும் கொஞ்சம் பூசிக்கொள்ளலாம்.

ஊரே கையில் போனோடு திரிகிற காலத்தில், போனே இல்லாத, மாதம் ஒரு கடிதம் மட்டும் எழுத விடுகிற மடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் என் அக்காதான். ஜூலியட் சொல்கிறாள், "மத்தவங்களுக்கெல்லாம் போன்ல ஸ்டிக்கர் அனுப்புறீங்க, அக்காவுக்கு மட்டும்தான் உக்காந்து உண்மை எழுதுறீங்க."

வேலை செய்யும் விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலையம் என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும். நாவுலைக்கு அப்பால் காட்டை வெட்டிப் போட்ட ஒரே ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து சின்ன விமானங்கள். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் மேலிருந்து சீகிரியாவைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவோம். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மூடுபனிக்குள் பிறந்தவனுக்கு இது போதாதா?

ஆகாயத்தில் எனக்குப் பயம் கிடையாது அக்கா. பயமெல்லாம் தரையில்தான். கொட்டகையிலிருந்து ஓடுபாதை வரை விமானத்தைச் சக்கரத்தில் மெல்ல உருட்டிக்கொண்டு போவதை டாக்ஸி என்போம். ஓடுபாதை தொடங்குமுன் தரையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அங்கே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ரேடியோவில் சொல்லிவிட்டு, யாரும் இறங்கவில்லை என்று நிச்சயமான பிறகே உள்ளே போகலாம். பெரிய நிலையங்களில் கோபுரத்தில் ஒருவர் இருந்து நம் மேல் கண் வைத்திருப்பார். இங்கே கோபுரம் இல்லை. எங்கள் முகத்தில் இருக்கிற இரண்டு கண்தான் எல்லாம்.

அந்தக் கோடு மழையிலும் வெயிலிலும் அழிந்தே போய்விட்டது. போன கிழமை பண்டார என்ற எங்கள் விமானி அதைக் காணாமல் தாண்டி ஓடுபாதைக்குள் மூக்கை நீட்டிவிட்டான். அந்த நேரம் ரிஸ்கான் இறங்கிக்கொண்டிருந்தான். நல்ல காலம், அவன் கண்டு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டான். ரிஸ்கானைத் தெரியும்தானே, மாத்தளை டவுன்காரன், என்னோடு சேர்ந்து படித்தவன். இறங்கி வந்து பண்டாரவின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

எங்கள் மெனேஜர் ஒஸ்வல்ட் சேரிடம் பெயின்ட் கேட்டேன். கோயில் சபைத் தலைவர், நல்ல மனுசன். "அடுத்த மாசம் பாப்போம் தம்பி" என்றார். எல்லா மாசமும் அதைத்தான் சொல்கிறார்.

உங்கள் செபத்தில் எங்களை மறக்கவேண்டாம்.

பாசமுள்ள தம்பி,
கிறிஸ்டியன்


யேசு மரி சூசை துணை

மடம்,
பெப்ரவரி 11

அன்புத் தம்பி கிறிஸ்டியனுக்கு,

ஆண்டவர் உன்னையும் ஜூலியட்டையும் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நான் சுகம். தைலம் கிடைத்தது. மதர்தான் போத்தலை நீட்டினார். பாதி போத்தல்தான் இருந்தது என்று உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ பறக்கிறாய் என்று இத்தனை நாளும் வானத்தைப் பார்த்துச் செபித்துக்கொண்டிருந்தேன். ஆபத்து தரையில் என்று இப்போது வந்து சொல்கிறாய்! வெளியில் இருந்தால் அந்த ஒஸ்வல்ட் ஐயாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றிருப்பேன், பெயின்ட் வரும்வரை அசைந்திருக்க மாட்டேன். இங்கிருந்து என்ன செய்ய? நான் ஆசைப்பட்டு வந்த வாழ்க்கைதான். ஆனாலும் அன்றைக்கு மடத்துச் சுவர் எனக்கு மிகவும் உயரமாகத் தெரிந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. எங்கள் நடைக்கூடத்தில் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. முழங்கை உயரம், நீல முக்காடு, மூக்கு நுனியில் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கும். நான் வந்த நாளிலிருந்து தினமும் துடைத்து வந்தது. மதரிடம் கேட்டேன், கொடுத்துவிட்டார். மாத்தளைக் கோயிலுக்கு நாங்கள் சுடும் நற்கருணை அப்பம் கொண்டுபோகிற வேனில் அனுப்புகிறேன். போய் வாங்கிக்கொள்.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வை. கோடு அழிந்தாலும் அவளைக் கண்டு நிற்பீர்கள்தானே? வேறெங்காவது மூலையில் வைத்துவிடாதே. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாய் நிற்கவேண்டும்.

தவக்காலம் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடாதே. ஜூலியட்டிடம் நான் கேட்டதாகச் சொல்.

உனக்காகவே செபிக்கும் அக்கா,
கெத்தரின்


நாவுல,
மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். வெள்ளிக்கிழமை ஜூலியட் கருவாட்டைக்கூடக் கண்ணில் காட்டுவதில்லை. கேட்டால் உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டுகிறாள்.

மாதா வந்து சேர்ந்தார். மாத்தளையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஏறும்போது நிற்கக்கூட இடமில்லை. ஒரு பெரியவர் எழுந்து இடம் விட்டார். எனக்கில்லை, மாதாவுக்கு.

ஒஸ்வல்ட் சேர் சுரூபத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டார். "மடத்துல இருந்தா வந்துச்சு? சிஸ்டர் கையால குடுத்ததா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெயின்ட்டுக்கு நாய் மாதிரி அலைந்தேன், ஒரு டின் வரவில்லை. சுரூபத்துக்குச் சீமெந்தும் கல்லும் அன்றைக்கே வந்துவிட்டன! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிடைத்ததே போதும் என்று நானும் சேர்ந்து கல் அடுக்கினேன்.

டாக்ஸி பாதைக்கு வலது பக்கம் மழைத்தண்ணீர்க் கான் ஓடுகிறது. அதனால் கோட்டின் இடது பக்கம், நீங்கள் சொன்னபடியே கோட்டுக்கு மிக அருகில் பீடம் கட்டினோம். விமானத்தில் நாங்கள் உட்காருவதும் இடது ஆசனத்தில்தான். கைநீட்டினால் தொடலாம் போலக் கிட்டத்தில் தெரிகிறார். பாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அப்படியே நாலு விமானத்துக்கும் தெளித்தார். ரிஸ்கான் தன்னுடைய விமானத்தைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். பாதர் அங்கேயும் போய்த் தெளித்துவிட்டு வந்தார். "மழை மாதிரி நெனச்சுக்கிறேன் பாதர்" என்றான். பாதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நிஜமாகவே எல்லாரும் அந்த இடத்தில் இப்போது வேகத்தைக் குறைக்கிறார்கள் அக்கா. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

பாசமுள்ள தம்பி,
கிறிஸ்டியன்


யேசு மரி சூசை துணை

மடம்,
ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். நான் சுகம், முழங்கால் மட்டும் தன் பாட்டில் இருக்கிறது.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு நேரத்தில் எல்லாச் சகோதரிகளுக்கும் சத்தமாக வாசித்தார். இதுவரை யாருடைய கடிதத்தையும் அப்படி வாசித்ததில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்த கதைக்கு வயதான சகோதரி ஒருவர் சோற்றுக் கையோடு சிரித்தார். நடைக்கூடத்தில் சுரூபம் இருந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோசம். இந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு உனக்கு ஒன்றைச் செய்ய முடிந்ததே. அது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்கு விளங்காது.

கோட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்களா? ரிஸ்கான் தம்பி நோன்பு முடித்துச் சுகமாக இருக்கிறாரா?

என்றும் உன் நினைவில்,
கெத்தரின் அக்கா


நாவுல,
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. ஜூலியட்டுக்குக் கொஞ்சம் தடிமன் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

பெயின்ட் இன்னும் வரவில்லை. அதைக் கேட்டு என் கோபத்தைக் கிளறாதீர்கள். மாதாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு இப்போது கூரை இருக்கிறது, மாலை இருக்கிறது. புல் வெட்டுகிற பழனிமுத்து தினமும் செவ்வரத்தம்பூ வைக்கிறான். மாதாவுக்கும் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் வீட்டுப் பிள்ளையாருக்குக் கொண்டுபோகிறான்.

எங்கள் விமானிகளைப் பார்க்க வேண்டுமே! கோட்டை நெருங்கியதும் ஒவ்வொருவனும் இடது பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. பண்டார தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைக்கிறான். போன ஜனவரியில் கோட்டைத் தாண்டினானே, அதே பண்டார. அவன் புத்த சமயம், ஆனால் கும்பிடாமல் உள்ளே போவதே இல்லை. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். நம் ஊர் பஸ் டிரைவர் வழியில் கோயிலைக் கண்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவானே, அப்படித்தான். எங்கள் பஸ்ஸுக்குச் சிறகு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிஸ்கான் மட்டும் முணுமுணுக்கிறான். "நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் பாத்து கும்பிடுறீங்க மச்சான். நான் ஒருத்தன்தான் கோட்டப் பாக்குறேன்." நான் சொன்னேன், "பாக்குறதுக்குக் கோடு எங்கடா இருக்கு?" கொட்டகையே சிரித்தது.

மழை தொடங்கிவிட்டது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் முழுக்க முகில். அம்மாவின் திவசத்துக்குப் பூசை சொல்லிவிட்டேன்.

பாசமுள்ள தம்பி,
கிறிஸ்டியன்


யேசு மரி சூசை துணை

மடம்,
ஜூலை 14

தம்பி கிறிஸ்டியனுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமா? ஜூனில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. இந்த மாதமும் தபால் வந்தது, உன்னுடையது இல்லை. பதில் எழுத ஒரு தடவைகூட நீ தவறியது கிடையாதே.

மதரின் முகத்தில் ஏதோ இருக்கிறது. கேட்டால், "செபியுங்கள்" என்கிறார். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார், ஆனால் இப்போது வேறு மாதிரிச் சொல்கிறார். ஒரு வரியாவது எழுது. இல்லாவிட்டால் ஜூலியட்டை எழுதச் சொல்.

அக்கா


நாவுல,
ஓகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை அறிய ஆவல். நான் உயிரோடு இருக்கிறேன். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அதை முதலில் எழுதச் சொன்னாள் ஜூலியட்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை நான் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய்விட்டேன். என்னோடு வெளிநாட்டுக்காரர் ஒரு புருசன் பெண்சாதி இருந்தார்கள். ரிஸ்கான் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது, மறுபடி மேலே போக முடியாது. எங்கள் மேல் மோதாமல் இருக்க விமானத்தை வெட்டித் திருப்பினான். அது ஓடுபாதையை விட்டு இறங்கி எதிர்ப்பக்கப் பள்ளத்தில் விழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. ரிஸ்கானுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. கண்டியில் இரண்டு தடவை ஒப்பரேசன் செய்தார்கள். நடப்பானாம். ஆனால் காலால் பெடலை மிதிக்க முடியாதாம். பெடல் மிதிக்க முடியாதவனால் விமானம் ஓட்ட முடியாது.

என் லைசனை எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

ஏன் தாண்டினாய் என்று விசாரணையில் கேட்டார்கள். காலை வெயில் கண்ணில் அடித்தது, கோடு தெரியவில்லை என்று சொன்னேன். விமானியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது கோட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை. ரிஸ்கானின் மனைவி பர்ஸானாவுக்காகச் செபியுங்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிறிஸ்டியன்


யேசு மரி சூசை துணை

மடம்,
ஓகஸ்ட் 18

என் தம்பி ராசாவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்ற வரியை மதர் விரலால் காட்டிவிட்டுத்தான் கடிதத்தையே கையில் தந்தார். நன்றி சொல்ல முழந்தாளிட்டேன், எழும்ப முடியவில்லை. இரண்டு சகோதரிகள் தூக்கி விட்டார்கள்.

ரிஸ்கான் தம்பியின் காலை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. மடம் முழுக்க அவருக்காக நவநாள் செபம் செய்கிறோம். உன் லைசனைப் பற்றி நான் என்ன சொல்ல? சின்ன வயதில் லயத்துக் கூரையில் ஏறி நின்று கையை விரித்த பிள்ளை நீ. அடிக்க வந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டவள் நான். உன் மனசு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். நாலு பேர் சாக வேண்டிய இடத்தில் நாலு பேரும் உயிரோடு இருக்கிறீர்கள். அவள் பக்கத்தில் நின்றபடியால்தான். ஒஸ்வல்ட் ஐயாவும் மடத்துக்கு அப்படித்தான் எழுதியிருந்தாராம், மதர் இப்போதுதான் சொன்னார். இப்போது பல்லேபொலயிலிருந்துகூட ஆட்கள் வேலிக்கு வெளியே வந்து மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்களாம். நான் கையால் துடைத்த சுரூபம்! என் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கும்போது, கடவுள் என்னை இந்தச் சுவருக்குள் கூப்பிட்டதே இதற்காகத்தானோ என்று தோன்றுகிறது. அழுதுகொண்டேதான் இதை எழுதுகிறேன், ஆனால் சந்தோசத்தில்.

நீயும் ஒரு நாள் போய் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வா.

உன் அக்கா,
கெத்தரின்


நாவுல,
செப்டம்பர் 8

வணக்கத்துக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் சுகத்துக்காக வேண்டுகிறேன். எங்கள் கடிதங்களை நீங்கள்தான் முதலில் வாசிக்கிறீர்கள் என்பதால் இதை உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து அக்காவிடம் காட்டவேண்டாம்.

வெயில் என்று நான் சொன்னது பொய். அன்றைக்கு வெயிலே இல்லை. இறங்கப்போவதாக ரிஸ்கான் ரேடியோவில் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. கோட்டில் நின்று அவனுக்காகக் காத்திருக்கத்தான் போனேன். கோட்டுக்குக் கிட்டே வந்ததும் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன். சிலுவை அடையாளம் போட வலது கையை, வேகத்தைக் குறைக்கிற இஞ்சின் பிடியிலிருந்து எடுத்தேன். மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விமானம் உருண்டுகொண்டே இருந்தது. பின்னால் இருந்த பெண் கத்திய பிறகுதான் வலது பக்கம் பார்த்தேன்.

கோட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் வேறொன்றை வைத்தது நான்தான் மதர். அக்கா கேட்டதால் வைத்தேன். இதை விசாரணையில் சொன்னால் அக்காவின் காதுக்குப் போகும் என்று பயந்து வெயில் என்றேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் சுரூபத்தை அப்போதே எடுத்திருப்பார்கள். இப்போது சொன்னால் கேட்க ஆளில்லை. ஒஸ்வல்ட் சேரிடம் போய்ச் சொன்னேன். அந்த நல்ல மனுசன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "உன் பிழைய மாதா தலையில போடுறியா தம்பி? உன்னக் காப்பாத்தினவங்க மேலயா?" என்றார். அதன் பிறகு என்னைக் கேற்றுக்கு உள்ளே விடுவதில்லை.

ரிஸ்கானுக்கு எல்லாம் தெரியும். கட்டிலில் கிடந்துகொண்டு சொன்னான், "நீ எங்க பாத்துக்கிட்டு வந்தேனு நான் தரையத் தொட்டப்பவே கண்டுட்டேன் மச்சான். ஆனா நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். என்ன மாதிரி ஒரு முஸ்லிம், ஒரு சோனகன், அந்தச் சுரூபத்தக் கழட்டச் சொன்னா அது வேற கதையாப் போயிரும். ஊர்ல பிரச்சின வரும். என்னால ஏலாது." அவன் சொல்வது சரி.

போன கிழமை வேலிக்கு வெளியே, மெழுகுவர்த்தி கொளுத்துகிற ஆட்களோடு நின்று பார்த்தேன். கோடு இப்போது பளிச்சென்று இருக்கிறது. புதிதாக வந்த ஒரு பிள்ளை விமானத்தை உருட்டிக்கொண்டு வந்தான். கோட்டுக்கு வந்ததும் தலையைக் குனிந்து மாதாவைக் கும்பிட்டான். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. பிறகு திடுக்கிட்டு நின்றான். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நான் கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அங்கே ஒருவன் சாகப்போகிறான் மதர். அந்தச் சுரூபத்தை எடுக்க யாருக்கும் கை வராது. கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் மட்டும்தான் கொடுப்பார்கள். காரணம் ஒன்றும் சொல்லாமல், மடத்துக்குத் தேவைப்படுகிறது என்று அக்காவைக் கேட்க வைக்க முடியுமா? அவருக்கு உண்மை தெரியாமல் இதைச் செய்ய முடியுமா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பணிவுள்ள,
கிறிஸ்டியன்


நாவுல,
ஒக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மதருக்கு நான் எழுதிய கடிதத்தை அவர் எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தார். "நீங்கள் கேட்டபடி காரணம் சொல்லாமல் சகோதரியிடம் பேசிப் பார்த்தேன். கொடுத்த இடத்திலிருந்து தாயை எப்படிப் பிடுங்குவது என்று அழுதுவிட்டார். பொய்யின் மேல் நான் கட்டளையிட மாட்டேன். இந்தக் கடிதத்தை அவருக்கே அனுப்புங்கள். அன்று அவர் பக்கத்தில் நான் இருப்பேன்" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் இத்துடன் இருக்கிறது. இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை வாசியுங்கள்.

வாசித்துவிட்டீர்களா அக்கா?

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பிடியை விட்டது என் கை, திரும்பியது என் தலை. நீங்கள் அனுப்பியது அன்பு. அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவன் நான். படித்தவன், லைசன் வைத்திருந்தவன். இருபது தடவை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பிள்ளையும் அங்கே சாகாது என்று யாராவது எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தால் செத்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

சுரூபத்தைத் திருப்பித் தரும்படி ஒஸ்வல்ட் சேருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் சொல்லை அவர் தட்ட மாட்டார்.

என்னை மன்னித்துவிடுங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டியன்


மாத்தளை,
நவம்பர் 3

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சிஸ்டர் கெத்தரின் அவர்களுக்கு,

தங்கள் செபத்தால் நானும் என் குடும்பமும் நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் எழுதியதைக் கண்ணீரோடு வாசித்தேன்.

சிஸ்டர், தம்பியின் பழியைத் தாங்கள் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அக்கா என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன். ஆனால் மாதா காப்பாற்றியதை நாங்கள் எல்லாரும் கண்ணால் கண்டோம். அந்தப் பள்ளத்தில் விழுந்த விமானத்தில் இருந்து ஒருவர் உயிரோடு வருவது சும்மா நடக்கிற காரியமா? சுரூபத்தை எடுக்கப் போகிறோமாம் என்று ஒரு பேச்சு வந்ததற்கே, கிராமத்து ஆட்கள் கேற்றுக்கு வந்துவிட்டார்கள். தமிழ் ஆட்களைவிடச் சிங்கள ஆட்கள்தான் அதிகம். எங்கள் முதலாளிமாரும் சம்மதிக்கவில்லை. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

தாங்கள் சந்தோசப்படும் செய்தி ஒன்று. பழைய பீடம் சின்னது என்பதால் அதே இடத்தில் கருங்கல்லால் குகை மாதிரி ஒரு கெபி கட்டுகிறோம். கண்ணாடியும் மின்விளக்கும் போடுவோம், மழை நாளிலும் தூரத்திலிருந்தே தெரியும். விமானிகளின் பாதுகாவலியான லொரேத்தோ மாதாவின் திருநாளன்று, டிசம்பர் பத்தாம் திகதி, ஆயரின் பிரதிநிதி வந்து ஆசீர்வதிப்பார். அன்றிலிருந்து ஓடுபாதைக்குள் போகுமுன் எல்லா விமானிகளும் அவரைப் பார்த்து ஒரு மங்களவார்த்தை செபம் சொல்லிவிட்டே போகவேண்டும் என்று ஒழுங்கு செய்திருக்கிறேன். தம்பி கிறிஸ்டியனுக்கும் மனவருத்தம் இல்லாமல் அழைப்பு அனுப்புகிறேன்.

தங்கள் பெயரைக் கல்லில் வெட்ட அனுமதி தாருங்கள்.

தாழ்மையுள்ள,
ம. ஒஸ்வல்ட்


யேசு மரி சூசை துணை

மடம்,
நவம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

நீயும் ஜூலியட்டும் சுகமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

ஒஸ்வல்ட் ஐயாவின் பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரை வெட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மதர் விசேட அனுமதி தந்ததால் மறுபடி ஒரு தடவை கெஞ்சியும் எழுதினேன். மதர் தன் கையெழுத்தில் தனியாக எழுதினார். ஆயர் இல்லத்துக்கும் எழுதினோம். அங்கிருந்து, மடத்தின் தாராள மனசைப் பாராட்டி ஒரு பதில் வந்தது.

நீ சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று முதல் நாள் உன் மேல் கோபப்பட்டேன். அது பொய்யில்லை, அதனால் எழுதுகிறேன். அடுத்த நாள் ரிஸ்கானின் காலை நினைத்தேன். பிறகு கோபப்பட எனக்கு முகமில்லை. பர்ஸானாவிடம் போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, அதற்கும் வழியில்லை. நீ போகும்போது எனக்காக ஒரு தடவை பிடித்துக்கொள். ஆனால் அவளுக்கு ஒன்றையும் விளக்கப் போகாதே.

ஒரு மனுசப் பிள்ளையும் நம் சொல்லைக் கேட்கப்போவதில்லை தம்பி. நீயும் வேலிக்கு வெளியே, நானும் சுவருக்கு உள்ளே. எனக்குத் தெரிந்தது செபம் ஒன்றுதான். இத்தனை வருடமாக மற்றவர்களுக்காக எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இப்போது காலையிலும் மாலையிலும் முழந்தாளிட்டு அவளிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். தாயே, தயவுசெய்து அந்த இடத்தை விட்டுப் போய்விடு.

அக்கா